ஊசிக்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள்

உடல் உழைப்பை நம்பி வாழும் ஊர்களில் வலியை யாரும் நோயாகக் கருதுவதில்லை. வயதோடும் வேலையோடும் வருவது என்று ஏற்றுக்கொண்டு விடுகின்றனர். காவிரிக் கரையிலுள்ள எங்கள் பரமத்தி வேலூர் வட்டாரமும் அத்தகையதே. கொடிக்காலில் ஏணி மீதேறி வெற்றிலை கிள்ளுவோருக்குத் தோளும் கழுத்தும் வலிக்கின்றன. ஆலைக் கொட்டகையில் வெல்லம் காய்ச்சுவோருக்கு முதுகும், வாழைத்தார் சுமப்போருக்கு முழங்காலும், நாமக்கல்லிலிருந்து வட மாநிலங்களுக்கு லாரி ஓட்டுவோருக்கு இடுப்பும் வலிக்கின்றன. மருந்துக் கடையில் வலி மாத்திரையைக் கேட்டு வாங்கி ஆண்டுக்கணக்கில் விழுங்கினால் வயிறும் சிறுநீரகமும் பாதிக்கப்படும் என்ற அச்சமும் இப்போது பரவியிருக்கிறது. எனவேதான், "மருந்தில்லா மருத்துவம்" என்ற பெயர்ப்பலகை பலரை ஈர்க்கிறது.

தோள்பட்டை இறுக்கத்துக்காக அக்குபங்சர் சிகிச்சை எடுத்துக்கொண்டவன் என்பதால், "அங்கே போகலாமா?" என்று என்னிடம் கேட்போர் உண்டு. போகலாம் என்பதே என் விடை. ஆனால், எதற்குப் போகலாம், எதற்குப் போகக்கூடாது, போனால் என்ன கேட்க வேண்டும் என்பவற்றை அறிந்து போக வேண்டும்.

இச்சிகிச்சையில் பயன்படும் ஊசியில் மருந்து இல்லை. மருத்துவமனை ஊசியைப்போல உள்ளே துளையும் இல்லை. தலைமுடியைவிடச் சற்றே தடித்த உலோக இழை, அவ்வளவே. குறிப்பிட்ட புள்ளிகளில் அதைச் செருகி, பெரும்பாலும் 15 முதல் 30 நிமிடம் வரை விட்டுவைக்கின்றனர். செருகும்போது எறும்பு கடித்தாற்போன்ற உணர்வும், பின்னர் அவ்விடத்தில் ஒரு கனமும் மரமரப்பும் தோன்றலாம். சிலருக்கு ஒரு துளி இரத்தம் கசியும். சிறு கன்றிப்பு ஏற்படும். வெறும் வயிற்றோடு போனால் மயக்கம் வரலாம் என்பதால், சிறிது உண்டுவிட்டுச் செல்வது நல்லது.

இம்முறை மேலை நாடுகளின் கவனத்தைப் பெற்ற நிகழ்ச்சி ஒன்றை இங்கே நினைவுகூரலாம். 1971 ஜூலையில் சீனாவுக்குச் சென்ற 'நியூயார்க் டைம்ஸ்' இதழாளர் ஜேம்ஸ் ரெஸ்டனுக்குப் பெய்ஜிங் மருத்துவமனையில் குடல்வால் அகற்றப்பட்டது. ஊசி குத்தியே வலியின்றி அவருக்கு அறுவை செய்தார்கள் என்று இன்றும் பலர் சொல்வதுண்டு. உண்மை வேறு. மரத்துப்போகும் மருந்து செலுத்தித்தான் அறுவை நடந்தது. அதன்பின் ஏற்பட்ட வயிற்று உப்புசத்தையும் வேதனையையும் தணிக்கவே ஊசிகள் பயன்பட்டன. நோயை அறுவை நீக்கியது. அதன் பிறகான துன்பத்தை ஊசி தணித்தது. புதிதாகச் சிகிச்சைக்குச் செல்வோர் மனத்தில் கொள்ள வேண்டிய வரிசை இதுவே.

இந்தியாவுக்கு இம்முறையைக் கொண்டுவந்தவரும் நவீன மருத்துவம் பயின்றவர்தான். 1938-இல் சீனாவுக்கு அனுப்பப்பட்ட இந்திய மருத்துவக் குழுவில் துவாரகாநாத் கோட்னிசுடன் சென்ற டாக்டர் விஜய் குமார் பாசு, பின்னாளில் மீண்டும் சீனா சென்று இதைக் கற்று, 1959-இல் கொல்கத்தாவில் சிகிச்சையைத் தொடங்கினார். ஒரு மருத்துவத்தை ஏற்க மற்றொன்றைப் பழிக்க வேண்டியதில்லை என்பதற்கு அவர் சான்று.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன? ஜெர்மனியில் நாள்பட்ட இடுப்புவலியுடைய 1,162 பேரிடம் நடத்தப்பட்ட பெரிய ஆய்வின் முடிவு 2007-இல் வெளியானது. ஆறு மாதங்களுக்குப் பின், அக்குபங்சர் பெற்றோரில் 47.6 விழுக்காட்டினர் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் கண்டனர். மருந்தும் உடற்பயிற்சியும் கொண்ட வழக்கமான சிகிச்சை பெற்றோரில் இது 27.4 விழுக்காடு. ஆனால், புள்ளியல்லாத இடங்களில் மேலோட்டமாக ஊசி செருகப்பட்டவர்களிலும் 44.2 விழுக்காட்டினர் தேறினர். வலி குறைவது உண்மை. இன்ன புள்ளியில் குத்தியதால்தான் குறைந்தது என்பது உறுதியாகவில்லை என்றே இதைக் கொள்ள வேண்டும். இதேபோல, அறுவைக்கும் புற்றுநோய் மருந்துகளுக்கும் பின் வரும் குமட்டல், வாந்திக்கு இது உதவும் என்று அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனம் கூட்டிய வல்லுநர் குழு 1997-இல் கூறியது. நாள்பட்ட வலி, குமட்டல் ஆகியவற்றுக்கு ஆதரவு உண்டு; சர்க்கரை நோயையோ புற்றுநோயையோ குணப்படுத்தும் என்பதற்கு இல்லை.

ஆபத்து தொடங்குவதும் இங்கேதான். பயிற்சி பெற்றவர் கையில் ஊசியால் பெருந்தீங்கு நேர்வது அரிது. ஊசியோடு சேர்த்துச் சொல்லப்படும் அறிவுரைதான் உயிருக்கு உலை வைக்கிறது. நாடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "எந்தப் பரிசோதனையும் வேண்டாம், எல்லா மாத்திரைகளையும் நிறுத்திவிடுங்கள்" என்று சொல்வோர் இருக்கின்றனர். இன்சுலினை நம்பி வாழும் குழந்தைக்கு அதை நிறுத்தினால் சில நாள்களிலேயே உயிர் போகும். வலிப்பு மருந்தையும் இரத்த அழுத்த மருந்தையும் திடீரென நிறுத்துவதும் அவ்வாறே பேராபத்து. 2024 பிப்ரவரியில் திருவனந்தபுரத்தில் வீட்டிலேயே நடந்த பிரசவத்தில் தாயும் சேயும் இறந்த வழக்கில், அக்குபங்சர் சிகிச்சையாளர் ஒருவர் கைது செய்யப்பட்டதை நாம் மறந்துவிடலாகாது.

எனவே, முதலில் வலிக்குக் காரணம் என்ன என்பதை மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும். இடுப்புவலியோடு கால் வலுவிழத்தல், சிறுநீர் அடக்க இயலாமை, காய்ச்சல், காரணமில்லாத எடைக்குறைவு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும், நெஞ்சிலோ இடக்கையிலோ திடீர் வலி வந்தாலும், செல்ல வேண்டிய இடம் மருத்துவமனையே.

அடுத்து, சிகிச்சையாளரின் தகுதியைக் கேட்க வேண்டும். மத்திய அரசு 2019 பிப்ரவரியில் அக்குபங்சரைத் தனித்த சிகிச்சை முறையாக ஏற்றது. மேற்கு வங்கமும் மகாராஷ்டிரமும் இதற்கெனத் தனிச் சட்டம் இயற்றியுள்ளன. தமிழகத்தில் அத்தகைய சட்டம் இல்லாததால், சுவரில் தொங்கும் சான்றிதழ் சில ஆண்டுப் படிப்பினுடையதா, சில வார வகுப்பினுடையதா என்று நோயாளியே விசாரிக்க வேண்டியிருக்கிறது. ஐந்தரை ஆண்டு இயற்கை மருத்துவம், யோகா பட்டப்படிப்பில் அக்குபங்சரும் பாடமாக உள்ளது. அத்தகைய பதிவு பெற்ற மருத்துவர்களை நாடுவது பாதுகாப்பானது.

ஊசி உறை நம் கண்முன்னே பிரிக்கப்பட வேண்டும். ஒரு முறைக்கு மேல் பயன்படுத்தலாகாது. ஒருவருக்குப் போட்ட ஊசி மற்றொருவருக்கு மஞ்சள் காமாலைக் கிருமியைக் கொண்டு சேர்க்கும். இரத்தத்தை நீர்க்கச் செய்யும் மருந்து உண்போர், கருவுற்றோர், சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனோர் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். பேஸ்மேக்கர் பொருத்தியோர் மின்சாரம் இணைத்த ஊசியைத் தவிர்க்க வேண்டும். மார்பு, தோள், மேல்முதுகுப் பகுதியில் ஊசி போட்ட பின் மூச்சுத் திணறினால் நுரையீரலில் துளை விழுந்திருக்கலாம். மிக அரிதெனினும் உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

எத்தனை அமர்வுகள், எவ்வளவு கட்டணம் என்பதையும் முதல் நாளே பேசிக்கொள்ள வேண்டும். ஆறு முதல் பத்து அமர்வுகளுக்குள் மாற்றம் தெரியாவிட்டால் நிறுத்திவிடலாம். நாள் கூலியை விட்டுவிட்டு வந்து காத்திருப்பவருக்கு ஒவ்வோர் அமர்வும் இரட்டைச் செலவு.

தமிழக அரசும் தன் பங்கைச் செய்ய வேண்டும். அக்குபங்சர் சிகிச்சையாளர்களுக்குப் பயிற்சிக் காலத்தை வரையறுத்து, பதிவேடு ஒன்றை உருவாக்கி, நோயாளியின் மருந்தை நிறுத்தச் சொல்லும் உரிமை அவர்களுக்கு இல்லை என்பதைச் சட்டமாக்க வேண்டும். அதுவரை, "மாத்திரையை நிறுத்துங்கள்" என்ற சொல் காதில் விழுந்தால், ஊசி போடுவதற்கு முன்பே எழுந்து வந்துவிடுவதே அறிவுடைமை.