உழைப்பும் உயர்வும்

ஒரு சமுதாயம் செல்வத்தை எவ்வாறு ஈட்டுகிறது என்பதைப் போலவே, அச்செல்வத்தைப்பற்றி அது என்ன பேசுகிறது என்பதும் ஆராயத்தக்கது. இக்கால உலகில் செல்வத்தைப்பற்றி மிகுதியாகப் பேசிய நாடு அமெரிக்கா. மனிதர் யாவரும் சமமாகப் படைக்கப்பட்டவர் என்று 1776 இல் பிரகடனஞ் செய்த அந்நாடு, 1865 வரை அடிமை முறையையும் தன்னகத்தே வைத்திருந்தது. உழைப்பவன் எவனும் உயரலாம் என்பது அங்கே குழந்தைப் பருவத்திலேயே ஊட்டப்படும் நம்பிக்கை. ஆயினும் இன்று அந்நாட்டுக் குடும்பங்களின் செல்வத்தில் ஏறத்தாழ நூற்றுக்கு முப்பது பங்கு, நூற்றுக்கு ஒருவராயுள்ள பெருஞ்செல்வர் கையில் இருக்கிறது. கீழ்ப்பாதி மக்கள் அனைவருக்கும் சேர்ந்து நூற்றுக்கு மூன்று பங்குகூட இல்லை. சமத்துவம் வேண்டும் என்பது ஒரு கொள்கை. ஈட்டியவனுக்கே ஈட்டியது முழுவதும் உரியது என்பது மற்றொரு கொள்கை. இரண்டையும் ஒருங்கே போற்றும் மக்கள், அவை மோதும்போது எதற்கு இடங்கொடுப்பது என்று தெளியாது நிற்கின்றனர்.

இவ்வழக்குக் கடல் கடந்த நாட்டுக்கு மாத்திரம் உரியதன்று. நமது ஊவா மாகாணத்து மலைச்சரிவுகளிலும் அது ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நடந்து வருகிறது. வெலிமடையிலிருந்து பொரலந்தை வழியாக அப்புத்தளைக்குச் செல்பவர் அதனைக் கண்ணாரக் காணலாம். பள்ளத்தாக்கிலே படிப்படியாக வெட்டிய வயல்களும், உருளைக்கிழங்கும் கோவாவும் போஞ்சியும் விளையும் காய்கறித் தோட்டங்களும் உள்ளன. மேலே செல்லச் செல்லத் தேயிலை தொடங்குகிறது. அதனிடையே லயங்கள் தெரிகின்றன. கீழே பெரும்பாலும் சிங்கள விவசாயி. மேலே தமிழ்த் தொழிலாளி. இருவரும் கடினமாக உழைப்பவர். இருவரும் எளியவர்.

விவசாயியின் கதை முந்தியது. ஆங்கில ஆட்சிக்கு எதிராக 1817 இல் ஊவாவில் மூண்ட கிளர்ச்சி அடுத்த ஆண்டில் அடக்கப்பட்டபோது, ஊர்களும் வயல்களும் கால்நடைகளும் அழிக்கப்பட்டன. கிளர்ச்சித் தலைவருள் ஒருவரான கெப்பெட்டிபொல திசாவையின் பெயரை வெலிமடைக்கு அண்மையிலுள்ள ஊரொன்று இன்றும் தாங்கி நிற்கிறது. பின்னர் 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. உரிமையை நிரூபிக்க உறுதி இல்லாத காடும் தரிசும் முடிக்குரியனவாகக் கொள்ளப்பட்டன. பாட்டன் காலந்தொட்டுச் சேனைப்பயிர் செய்த நிலத்துக்கு உறுதி எங்கே இருக்கும்? நிலம் தலைமுறைக்கு உரியது என்பது ஊரார் கொள்கை. பத்திரம் பெற்றவருக்கே உரியது என்பது புதிய சட்டத்தின் கொள்கை. வயலை விட்டுக் கூலிக்கு வர விவசாயி விரும்பாதபோது, தோட்டத் துரைமார் அவனைச் சோம்பன் என்றனர். தென்னிந்தியாவின் தமிழ் மாவட்டங்களிலிருந்து ஆட்கள் வரவழைக்கப்பட்டனர்.

முதலிற் பயிரானது கோப்பி. 1869 இல் தோன்றிய இலைநோய் அதனை அழித்தது. தோட்டங்கள் குறைந்த விலைக்கு வந்தன. அவ்வேளையில், 1890 இல், இலங்கைக்கு வந்தவர் தோமஸ் லிப்டன். கிளாஸ்கோ நகரில் சிறு கடை வைத்திருந்த ஏழைப் பெற்றோரின் மகன் அவர். இளமையில் அமெரிக்கா சென்று தோட்டங்களில் வேலை செய்தார். நியூயோர்க்கில் மளிகைக் கடையொன்றிலும் தொழில் கற்றார். பொருளை எவ்வாறு விளம்பரஞ் செய்து விற்பது என்பதை அங்கே அறிந்தார். ஊர் திரும்பி 1871 இல் தமது முதற் கடையைத் திறந்தார். கடைகள் பெருகின. அப்புத்தளைப் பகுதியில் தம்பேதன்னை முதலிய தோட்டங்களை வாங்கி, இடைத்தரகரை விலக்கி, தேயிலையை அளவான பொட்டலங்களில் அடைத்து, பிரித்தானியத் தொழிலாளியும் வாங்கக்கூடிய விலைக்கு விற்றார். உழைத்தவன் உயர்வான் என்பதற்கு அவரினும் சிறந்த சான்று கிடைப்பது அரிது. அவருடைய முயற்சியையும் கூர்மதியையும் குறைத்து மதிப்பிடுதல் நேர்மையாகாது.

ஆயினும் அதே மலையில் அதே காலத்தில் கொழுந்து பறித்தவரும் உழைத்தனர். அவர்களை அவ்விதி ஏன் உயர்த்தவில்லை? விடை அன்றைய கணக்குப் புத்தகத்தில் உண்டு. ஊரில் வாங்கிய முற்பணமும், வழிச்செலவும், அரிசியும், கம்பளியும் தொழிலாளியின் பற்றாக எழுதப்பட்டன. அவன் பெரிய கங்காணிக்குக் கடனாளி. கங்காணி தோட்டத்துக்குக் கடனாளி. வேறு தோட்டத்துக்குச் செல்ல விரும்பினால், எத்தனை ரூபாய் கட்டினால் ஆளை விடுவோம் என்று எழுதிய துண்டு வேண்டும். புதிய தோட்டம் அக்கடனைக் கட்டும். கடன் அவனுடனேயே செல்லும். காலையிற் பிரட்டுக்கு வராதவனுக்குப் பெயர் இல்லை. குறித்த அளவு கொழுந்து எடுக்காதவளுக்கு அரைப்பேர். இம்முறையிலே சிக்கனமும் ஊக்கமும் இருந்தும் பயனில்லை. லிப்டன் சேமித்த காசு அடுத்த கடைக்கு முதலாயிற்று. தொழிலாளி மிகுத்த காசு பழைய கடனுக்கு ஈடாயிற்று.

செல்வர் இரக்கமற்றவராக இருந்தமையால் இது நேர்ந்தது என்று சொல்லிவிடலாகாது. லிப்டன் கொடையாளி. 1897 இல் இலண்டன் ஏழைகளின் விருந்துக்கு 25,000 பவுண் கொடுத்தார். ஸ்கொத்லாந்திலிருந்து அமெரிக்கா சென்று உருக்குத் தொழிலில் பெருஞ்செல்வரான அண்ட்ரூ கார்னெகியும் அத்தகையவரே. செல்வர் தம் பொருளுக்குத் தருமகர்த்தாக்கள் போன்றவர் என்று 1889 இல் எழுதிய அவர், 2,500 க்கு மேற்பட்ட நூலகங்களுக்குப் பணம் உதவினார். ஆனால் 1892 இல் அவருடைய ஹோம்ஸ்டெட் ஆலையிற் கூலி குறைக்கப்பட்டபோது வேலைநிறுத்தம் மூண்டு, உயிர்கள் பலியாயின. நாளுக்கு 12 மணி நேரம் உலைமுன் நிற்பவன் நூலகத்துக்கு எப்போது போவான்? கொடை கொடுப்பவரின் மனத்தைப் பொறுத்தது. யாருக்கு, எப்போது, எவ்வளவு என்பதை அவரே தீர்மானிக்கிறார். கூலியோ உழைத்தவரின் உரிமை. ஒன்று மற்றொன்றின் இடத்தை நிரப்பமாட்டாது.

ஊவாத் தொழிலாளியின் நிலையை மாற்றியவை எவை என்று பார்த்தால் இவ்வுண்மை தெளிவாகும். துண்டு முறை 1921 இல் ஒழிக்கப்பட்டது. குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1927 இல் வந்தது. 1940 இல் பதுளைக்கு அண்மையிலுள்ள வேவஸ்ஸைத் தோட்டம் உட்பட ஊவாவெங்கும் வேலைநிறுத்தங்கள் நடந்தன. பெண்ணுக்கும் ஆணுக்கும் ஒரே நாட்கூலி என்பது 1984 இலேயே கைகூடியது. கொழுந்து பறிப்பவர் பெரும்பாலும் பெண்களே என்பதை இங்கு நினைவிற்கொள்ள வேண்டும். தோட்டப் பாடசாலைகள், நிலச்சீர்திருத்தம் நடைபெற்ற 1970 களுக்குப் பின்னரே படிப்படியாக அரசாங்கத்தின் பொறுப்புக்கு வந்தன.

முன்னேற்றம் நேர்வழியிற் செல்லவுமில்லை. 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழரிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964 ஆம் ஆண்டு உடன்படிக்கையால் இலட்சக் கணக்கானோர் இந்தியாவுக்குச் செல்ல நேர்ந்தது. எஞ்சிய நாடற்றவருக்கு 2003 ஆம் ஆண்டுச் சட்டமே குடியுரிமை வழங்கியது. வாக்கில்லாத மனிதன் எவ்வளவு உழைத்தாலும், அவன் உழைப்புக்கு விலை நிர்ணயிக்கும் சபையில் அவனுக்குக் குரலில்லை.

இன்றைய நிலை என்ன? ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம் என்ற கோரிக்கை பல ஆண்டுப் போராட்டத்தின் பின் 2021 இல் நிறைவேறியது. அடுத்த ஆண்டிலேயே ரூபாயின் பெறுமதி வீழ்ந்து, அரிசியும் மாவும் எட்டாத விலைக்கு ஏறின. 2024 இல் அடிப்படைச் சம்பளம் 1350 ரூபாயாக்கப்பட்டது. உலகச் சந்தையில் விலையை நாம் வகுப்பதில்லை, உற்பத்திச் செலவு மிகுதி என்று கம்பனிகள் கூறுகின்றன. அதிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் சந்தை இறங்கும்போது நட்டத்திற் பங்குகொள்ளச் சொல்லப்படும் தொழிலாளி, சந்தை ஏறும்போது இலாபத்தில் எவ்வளவு பங்கு பெறுகிறான் என்ற கேள்விக்கும் விடை வேண்டும்.

இதனிடையே லயத்துப் பிள்ளைகள் கொழும்புக் கடைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் செல்கின்றனர். தோட்டத்திலே பெயர் இருந்தால்தான் வீடு நிலைக்கும் என்பது பெற்றோரின் அச்சம். கூடையைத் தொடாமல் வாழவேண்டும் என்பது பிள்ளைகளின் உறுதி. இரண்டும் நியாயமே. ஏழு பேர்ச் காணியும் அதற்கோர் உறுதியும் பெற்ற குடும்பங்களில் இவ்வச்சம் தணிந்திருக்கிறது. உறுதிப்பத்திரம் இல்லாமையால் 1840 இல் ஊர்மக்கள் இழந்ததையும், அது கிடைப்பதால் இன்று தொழிலாளர் பெறுவதையும் நேயர்கள் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

உழைத்தவன் உயர்வான் என்ற கொள்கை தள்ளத்தக்கதன்று. பிள்ளைகளுக்கு அதனைக் கற்பிக்கவே வேண்டும். ஆனால் அதனைக் கற்பிக்கும் சமுதாயத்துக்கு ஒரு கடமை உண்டு. நியாயமான கூலி, காலடியில் உரிமையான ஒரு துண்டு நிலம், நல்ல பாடசாலை, வாக்கு ஆகிய நான்கும் உழைப்பவனுக்கு இருக்கின்றனவா என்று அது பார்த்தல் வேண்டும். அவை உள்ள இடத்தில் அக்கொள்கை மெய்யாகும். அவை இல்லாத இடத்தில், ஏற்கனவே உயர்ந்தவர் தம் உயர்வுக்குச் சொல்லிக்கொள்ளும் நியாயமாகவே அது முடியும்.