உறைக்கு ஒரு கரண்டி

தயிர்ச் சட்டியை எந்த வீட்டிலும் வழித்துத் துடைப்பதில்லை. அடியில் ஒரு கரண்டி நிற்கும். நாளைக்கு உறை ஊற்ற அதுதான். பிள்ளை எவ்வளவு கெஞ்சினாலும் அம்மா அதில் கை வைக்க விடமாட்டாள். மீன் பொட்டலத்தின் மேல் ஒட்டியிருக்கும் சுற்றுச்சூழல் முத்திரையும் இவ்வளவுதான். சட்டியில் உறை மிஞ்சியதா என்று மூன்றாம் ஆள் ஒருவர் எட்டிப் பார்த்துக் கொடுக்கிற சான்று அது.

இந்த முத்திரைகளில் பேர்போனது எம்.எஸ்.சி. நீல நிறம், நடுவில் மீன் வடிவம். 1997-இல் டபிள்யூ.டபிள்யூ.எஃப்பும் யூனிலீவரும் சேர்ந்து தொடங்கியது. அது கேட்கும் கேள்வி மூன்று. சட்டியில் உறை இருக்கிறதா? கரண்டியோடு வேண்டாதது என்னென்ன வருகிறது? கரண்டி யார் கையில் இருக்கிறது? இதற்குள் இருபதுக்கும் மேற்பட்ட உட்கேள்விகள். எதிலும் 60-க்குக் கீழே மதிப்பெண் வாங்கக் கூடாது. அதற்காக எல்லாவற்றிலும் 60 வாங்கியும் தேற முடியாது. மூன்று பிரிவிலும் தனித்தனியே சராசரி 80 வேண்டும். தேறினால் ஐந்து வருடம் செல்லும், நடுவில் வருடாவருடம் தணிக்கை. கரையேறிய பிறகும் முத்திரை பெற்ற மீனை மற்றதோடு கலக்கக் கூடாது. அஞ்சறைப் பெட்டியில் சீரகம் கடுகோடு சேரக் கூடாது என்கிற அதே கண்டிப்பு.

இரண்டாவது கேள்விதான் நம் கடலில் இடிக்கிறது. இறாலுக்கு இழுக்கும் வலை மடியில் ஆமையும் ஏறும். 2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரையில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கியதைப் பார்த்தோம். ஆமை விலக்குக் கருவி என்பது வலைக்குள் பொருத்தும் கம்பித் தடுப்பு. சல்லடை மாதிரி. இறால் கம்பிகளுக்கு இடையே நுழைந்து உள்ளே போகும். ஆமை கம்பியில் முட்டி, பக்கத்துத் திறப்பு வழியாக வெளியேறும். இது இல்லை என்றுதான் இந்தியக் கடல் இறாலை வாங்க அமெரிக்கா மறுத்தது.

இந்தியாவில் இந்த நீல முத்திரையை முதலில் வாங்கியது ஒரு மட்டி. கொல்லத்து அஷ்டமுடிக் காயலில் 1991-இல் பத்தாயிரம் டன் வரை அள்ளினார்கள். அடுத்த இரண்டே வருடத்தில் பாதியாகக் குறைந்தது. சட்டியை வழித்துவிட்டார்கள். பிறகு இனப்பெருக்கக் காலமான டிசம்பர் முதல் பிப்ரவரி வரை அள்ளத் தடை, வலைக் கண்ணுக்கு அளவு, இயந்திரத்தால் வாருவதற்குத் தடை. 2014 நவம்பரில் முத்திரை கிடைத்தது. மட்டிக்கு இது எளிது என்பேன். ஒரே இனம், கையால் அள்ளுவது, எங்கே கிடைக்கிறது என்று தெரியும். காசிமேட்டில் கரையேறும் ஒரு மடியோ அவியல் மாதிரி. பத்து இருபது இனம் ஒன்றாகக் கிடக்கும். முத்திரையோ ஒவ்வொரு காயாகத் தனியே எடைபோடச் சொல்கிறது.

ஆகையால் நம் ஊர்ப் பெரியபாளையம் சந்தையில் நீல முத்திரையைத் தேடிப் பயனில்லை. மிஞ்சுவது எந்த மீனை வாங்கலாம் என்று சொல்லும் வழிகாட்டி. முத்திரை சீலிட்ட பொட்டலம் என்றால் வழிகாட்டி பஞ்சாங்கம். அமெரிக்காவின் சீஃபுட் வாட்ச் 1999-லிருந்து பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மீன்களைப் பிரித்துச் சொல்கிறது. இந்தியாவின் மேற்குக் கரைக்கு ‘நோ யுவர் ஃபிஷ்’ என்று மாதவாரிப் பட்டியல் உண்டு. ஆனால் பஞ்சாங்கம் ஊருக்கு ஊர் மாறும். விசைப்படகுகளுக்கு நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை. மேற்கே ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. அங்கே எழுதியதை இங்கே அப்படியே படிக்க முடியாது. அளவு மட்டும் ஓரளவு எங்கும் பொருந்தும். கேரளச் சட்டப்படி மத்தி 10 சென்டிமீட்டருக்கும் கானாங்கெளுத்தி 14 சென்டிமீட்டருக்கும் குறைந்தால் பிடிக்கக் கூடாது. மணிக்கட்டு ரேகையிலிருந்து நடுவிரல் தொடங்கும் இடம் வரை ஏறத்தாழ பத்து, ஸ்கேல் வேண்டியதில்லை.

கரண்டி யார் கையில் என்ற மூன்றாவது கேள்விக்கு விடை பக்கத்திலேயே இருக்கிறது. நம் ஆரணியாறு பொன்னேரியைத் தாண்டிப் பழவேற்காட்டில் போய்ச் சேர்கிறது. அங்கே ஏரியில் எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்பதை மீனவர்கள் பாடு முறையில் தங்களுக்குள்ளேயே முறைவைத்துப் பிரித்துக்கொள்கிறார்கள். ஒரே கரண்டி, பல கைகள், ஆளுக்கொரு நாள். பாடு இல்லாதவர்களுக்கு அதில் இடமில்லை என்பது பழைய மனக்குறை. அதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆடி ஞாயிறுகளில் பெரியபாளையத்துப் பவானியம்மன் கோயிலுக்கு வரும் கூட்டம் ஆற்றில் விட்டுப்போவதெல்லாம் அதே ஏரியை நோக்கித்தான் போகிறது. மீன் பிடிப்பவரை அத்தனை குடையும் முத்திரை, ஆற்றின் மேற்பக்கத்தில் இருக்கும் நம்மை எதுவும் கேட்பதில்லை.

போன வாரம் சந்தைக்குக் கடல் நண்டு வந்திருந்தது. இரண்டில் வயிற்றடி முழுக்க ஆரஞ்சு நிற முட்டைக் கொத்து. அதுதான் அந்தக் கரண்டித் தயிர். “அதை ஏன்க்கா எடுத்தாங்க?” என்றேன். “வலையில வந்துச்சு, கொண்டாந்தேன். சினை நண்டுக்குத்தான் தம்பி கிராக்கியே” என்றார் மீன்கார அக்கா. நான் கானாங்கெளுத்தி வாங்கினேன். காசு கொடுத்துத் திரும்புவதற்குள் பின்னால் நின்றவர் அந்த இரண்டையும் பையில் போட்டுக்கொண்டார்.