ஐந்தாவது ஆள் கிடைத்தாயிற்றா?

மியூனிக் நகரில் 1972 ஒலிம்பிக்ஸின்போது வீராங்கனைகள் தங்கிய குடியிருப்பு இன்று மாணவர் விடுதி. செமஸ்டர் மாதங்களில் வெள்ளிக்கிழமை இரவானால் இப்படிப்பட்ட விடுதிகளின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே பேச்சுதான்: நாளைக்கு சால்ஸ்பர்க் போகிறோம், நாலு பேர் இருக்கிறோம், இன்னும் ஒருவர் வர முடியுமா?

அந்த ஐந்தாவது ஆள்மேல் யாருக்கும் தனிப்பாசம் கிடையாது. எல்லாம் கணக்குதான். பவேரியா மாநிலத்துக்குள் ஒரு நாள் முழுக்க எத்தனை முறை வேண்டுமானாலும் ரயில் ஏறி இறங்க ‘பயர்ன் டிக்கெட்’ என்று ஒன்று இருக்கிறது. ஒரே டிக்கெட்டில் ஐந்து பேர் வரை போகலாம். தனியாகப் போகிறவருக்கு விலை கொஞ்சம் உறைக்கும். ஆள் சேரச் சேர ஒவ்வொருவர் பங்கும் குறையும். வேக ரயிலில் இது செல்லாது, ஊர் ஊராக நின்று போகும் வட்டார ரயில்களில் மட்டும்தான். வார நாட்களில் காலை 9 மணிக்கு மேல்தான் ஏற முடியும். சனி, ஞாயிறில் நள்ளிரவிலேயே தொடங்கி மறுநாள் அதிகாலை 3 மணி வரை அலையலாம். எல்லைக்கு அந்தப் பக்கம் ஆஸ்திரியாவில் இருக்கும் சால்ஸ்பர்க் நிலையம் வரை இதே டிக்கெட் போதும் என்பதுதான் மாணவர்களுக்குப் பிடித்த விஷயம்.

இந்த ஐந்து பேர் கணக்குக்கு ஒரு வரலாறு உண்டு. 1995இல் ஜெர்மன் ரயில்வே, ‘இனிய வார இறுதி’ என்ற பொருளில் பெயர் வைத்து, 15 மார்க்குக்கு ஒரு டிக்கெட் விட்டது. ஐந்து பேர், நாடு முழுக்க, வட்டார ரயில்களில். கூட்டம் நெரிந்தது. விரைவிலேயே விலை இரு மடங்காக ஏறியது, பிறகு வார இறுதி முழுவதும் என்பது ஒரே நாளாகச் சுருங்கியது. ஆனாலும் அந்தக் காலத்தில் பிளாட்பாரத்தில் முன்பின் தெரியாதவர்களிடம் ‘எங்கே போகிறீர்கள், சேர்ந்துகொள்ளலாமா?’ என்று கேட்பது சகஜமாகிவிட்டது. ஜெர்மானியர்கள் புதியவர்களிடம் சட்டென்று பேச்சுக் கொடுக்க மாட்டார்கள் என்று சொல்வார்கள்; செலவு மிச்சமாகும் என்றால் பேசுவார்கள் போலிருக்கிறது. 2019இல் அந்த டிக்கெட் நிறுத்தப்பட்டது. மாநில அளவிலான பயர்ன் டிக்கெட் போன்றவை தொடர்கின்றன. இப்போது பயணிகளின் பெயரை டிக்கெட்டில் எழுதியாக வேண்டும். ஆகவே ஆள் பிடிக்கிற வேலை பிளாட்பாரத்திலிருந்து முந்தைய நாள் இரவின் வாட்ஸ்அப்புக்கு இடம் மாறிவிட்டது.

பரிமாற்ற மாணவர்கள் ஏன் தங்களுக்குள்ளேயே சுற்றுகிறார்கள், உள்ளூர் மாணவர்களோடு பழகுவதில்லையே என்ற குறை பல்கலைக்கழகங்களில் அடிக்கடி கேட்பதுதான். அவர்களைப் பார்த்துக் குறை சொல்வதைவிட வெள்ளிக்கிழமை மாலை ரயில் நிலையத்தைப் பார்ப்பது நல்லது. உள்ளூர் மாணவர்களில் பலர் அழுக்குத்துணிப் பையோடு பெற்றோர் வீட்டுக்குக் கிளம்பியிருப்பார்கள். ஊரில் மிஞ்சுவது வீடு எட்டாத தூரத்தில் இருப்பவர்கள் மட்டுமே. ஸ்பானியப் பெண், கொரியப் பையன், போலந்துக்காரர், திருச்சியிலிருந்து வந்தவர் என்று ஒரு கூட்டம் அப்படித்தான் சேர்கிறது. பொது மொழி, யாருக்கும் தாய்மொழி அல்லாத ஓர் ஆங்கிலம்.

சனிக்கிழமை காலையில் முதல் சோதனை ரோசன்ஹைமில் வரும். மியூனிக்கிலிருந்து கிளம்பும் ரயில்கள் பல அங்கே இரண்டாகப் பிரியும். ஒரு பாதி சால்ஸ்பர்க் போகும், மறு பாதி குஃப்ஸ்டைன் போகும். பெட்டியின் வெளிப்பலகையைப் பார்க்காமல் ஏறியவர்கள், நண்பர்களுக்குக் கையசைத்தபடியே வேறு பள்ளத்தாக்குக்குப் போய்ச் சேர்வார்கள். அபராதம் கிடையாது, குஃப்ஸ்டைனுக்கும் அதே டிக்கெட் செல்லும். அதுவும் ஆஸ்திரியாதான், அங்கேயும் ஊருக்கு மேலே ஒரு கோட்டை இருக்கிறது. மொஸார்ட் 1756இல் பிறந்த வீடு மட்டும் இருக்காது.

திரும்பும் வழியில் எல்லையைத் தாண்டியதும் ஃப்ரைலாசிங் வரும். ஷெங்கன் ஒப்பந்தம் 1985இல் கையெழுத்தாகி, 1995இல் நடைமுறைக்கு வந்து, எல்லைச் சாவடிகள் காலியானது உண்மைதான். ஆனால் 2015இல் அகதிகள் பெருமளவில் வந்தபோது ஆஸ்திரிய எல்லையில் ஜெர்மனி மீண்டும் சோதனையைத் தொடங்கியது. போலீஸார் ரயிலுக்குள் ஏறும்போதுதான் குழுவின் ஐந்து பேரும் ஒரே மாதிரிப் பயணிகள் அல்ல என்பது தெரியும். ஸ்பானியப் பெண் அடையாள அட்டையை நீட்டுவார். இந்திய மாணவர் பாஸ்போர்ட்டையும் வசிப்பு உரிம அட்டையையும் சேர்த்து எடுக்க வேண்டும். விடுதி மேசையில் விட்டுவிட்டு வந்தால் பகல் முழுக்க இருந்த உற்சாகம் அங்கேயே வற்றிவிடும்.

ஜெர்மன் வசிப்பு உரிமம் கையில் இருந்தால் மற்ற ஷெங்கன் நாடுகளில் 180 நாட்களுக்குள் 90 நாட்கள் வரை தனி விசா இல்லாமல் சுற்றலாம். பிராகா, வெனிஸ், சூரிக் எல்லாம் இதில் அடங்கும். பிரிட்டனும் அயர்லாந்தும் அடங்காது. அடுத்த வாரம் லண்டன் என்று குழு முடிவெடுத்தால், இந்திய மாணவர் தனி விசாவுக்கு விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும். வார இறுதி அதற்குள் வந்து போய்விடும். இது சிலருக்கு மட்டும் உள்ள சங்கடம் அல்ல. ஜெர்மனியில் படிக்கும் வெளிநாட்டு மாணவர்களில் இப்போது இந்தியர்கள்தான் அதிகம். 2023-24 கல்வியாண்டில் ஏறத்தாழ 49,000 பேர். அவர்களில் பெரும்பாலோர் முழுப் பட்டத்துக்கு வந்தவர்கள் என்றாலும், விடுதியிலும் ரயிலிலும் பரிமாற்ற மாணவர்களோடு கலந்துவிடுகிறார்கள்.

இந்தப் பரிமாற்றமே ஒரு கோபத்தில் பிறந்தது. சோஃபியா கொராதி என்ற இத்தாலியப் பெண் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சட்டத்தில் முதுகலை முடித்துவிட்டு 1958இல் ரோமுக்குத் திரும்பினார். அங்கே படித்தது இங்கே செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். அவர் அதை விடவில்லை. வேறு நாட்டில் படித்ததைச் சொந்தப் பல்கலைக்கழகம் ஏற்க வேண்டும் என்று பல்லாண்டு எழுதியும் பேசியும் வந்தார். 1987இல் ஐரோப்பிய மாணவர் பரிமாற்றத்துக்கான எராஸ்மஸ் திட்டம் தொடங்கியது. முதல் ஆண்டில் 11 நாடுகள், 3,244 மாணவர்கள். இன்று பயிற்சித் தொழிலாளர்களையும் ஆசிரியர்களையும் சேர்த்தால் இதில் போய்வந்தவர்கள் ஒன்றரைக் கோடிக்கும் மேல். கொராதியை ‘எராஸ்மஸ் அம்மா’ என்றே அழைத்தார்கள்.

இரவு தங்கும் பயணம் என்றால் பங்க் கட்டில் போட்ட இளைஞர் விடுதிதான் கதி. அதற்கும் மூலம் ஜெர்மனியில்தான். 1909இல் ரிச்சர்ட் ஷிர்மான் என்ற பள்ளி ஆசிரியர் மாணவர்களை நடைப்பயணம் கூட்டிப்போனபோது இடியும் மழையும் பிடித்துக்கொள்ள, ஒரு கிராமப் பள்ளிக்கூடத்தில் வைக்கோல் மேல் இரவைக் கழித்தார்கள். விடுமுறையில் பூட்டிக் கிடக்கும் பள்ளிகளையே தங்குமிடமாக்கினால் என்ன என்று அவருக்கு அன்று தோன்றியது. சில ஆண்டுகளில் ஆல்டெனா கோட்டையில் உலகின் முதல் நிரந்தர இளைஞர் விடுதி வந்தது.

சாப்பாட்டுக் கணக்கில்தான் புதியவர்கள் தடுக்கி விழுவார்கள். ஞாயிற்றுக்கிழமை ஜெர்மனியில் கடைகள் கிடையாது. ஞாயிறு ஓய்வு நாள் என்று 1919ஆம் ஆண்டு வைமார் அரசியலமைப்பில் எழுதிய பிரிவை இன்றைய அரசியலமைப்பும் அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறது. ரொட்டி, சீஸ், பழம் எல்லாம் சனிக்கிழமை இரவே வாங்கிவிட வேண்டும். தவறினால் பெரிய ரயில் நிலையங்களுக்குள் இருக்கும் கடைகள்தான் கை கொடுக்கும், விலை கூடுதலாக. யார் எதற்குக் கொடுத்தார்கள் என்பதை ஸ்பிளிட்வைஸ் செயலி பார்த்துக்கொள்ளும். காலிக் குடிநீர் பாட்டிலை எறியக் கூடாது. கடையில் கொடுத்தால் 25 சென்ட் திரும்ப வரும்.

2023 மே மாதம் வந்த ‘டாய்ச்லாண்ட் டிக்கெட்’ இந்தக் கணக்கையெல்லாம் புரட்டிப் போட்டது. மாதம் 49 யூரோவுக்கு நாடு முழுக்க வட்டார ரயில், டிராம், பேருந்து. 2025இல் 58 யூரோ ஆயிற்று. பல பல்கலைக்கழகங்கள் இதையே மலிவு விலையில் செமஸ்டர் டிக்கெட்டாகத் தருகின்றன. ஆளுக்கொரு டிக்கெட், அடுத்தவருக்குக் கொடுக்க முடியாது. பணம் மிச்சம்தான், ஆனால் அந்நியர் ஒருவரைக் கூட்டத்தில் சேர்த்துக்கொள்ளும் கட்டாயம் போய்விட்டது. பழகிய நாலு பேர் பழகிய நாலு பேராகவே போய்வரலாம். இது லாபக் கணக்கில் வராத நஷ்டம்.

மறுபக்கம், தூரம் பெரிய செலவாக இல்லாததால் யாரும் கேள்விப்படாத ஊர்களும் பட்டியலில் ஏறுகின்றன. வடக்கு ரைன் பகுதியில் படிக்கும் தமிழ் மாணவர்கள் நண்பர்களை ஹாம் நகருக்குக் கூட்டிப்போவது அப்படித்தான். ஈழத்திலிருந்து வந்த தமிழர்கள் எழுப்பி, 2002இல் குடமுழுக்கு நடந்த காமாட்சி அம்பாள் கோயில் அங்கே தொழிற்பேட்டை ஒன்றின் நடுவே கோபுரத்தோடு நிற்கிறது. கோடையில் தேர்த் திருவிழாவின்போது ஐரோப்பா முழுவதிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் வருகிறார்கள். தீர்த்தவாரி நடப்பது நதியில் அல்ல, சரக்குப் படகுகள் போகும் டாட்டல்ன்–ஹாம் கால்வாயில். வரும் வழியில் நண்பர்கள் கேட்கிற கேள்விகளுக்கு அன்று முழுக்கப் பதில் சொல்ல வேண்டியவர் தமிழ் மாணவர்தான்.