அமிருதசரசுப் பிரிவினை அருங்காட்சியகம்: நம் சங்கங்கள் கற்க வேண்டிய பாடம்

நாட்டு வரலாறு என்றவுடன் அரசர்களின் பெயர்களும் போர்கள் நிகழ்ந்த ஆண்டுகளும் நம் நினைவுக்கு வருதல் இயல்பு. அண்மைக் கால வரலாறாயின், தலைவர்களின் உருவப்படங்களும் சட்டங்கள் நிறைவேறிய தேதிகளும் அவ்விடத்தைப் பெறுகின்றன. ஒரு நெசவாளி தன் தறியைக் கடைசியாகத் தொட்ட நாளும், ஓர் உழவன் விளைந்து நின்ற வயலைத் திரும்பிப் பார்த்த மாலையும் எந்த நூலின் எந்தப் பக்கத்தில் இடம்பெறும்? அவற்றுக்கும் வரலாற்றில் இடமுண்டு என்று காட்டும் கூடம் ஒன்று அமிருதசரசு நகரில் இருக்கின்றது. பஞ்சாபின் கூட்டுறவு நிறுவனங்களைக் காணச் சென்ற குழுவோடு யானும் சென்றிருந்தபோது அதனைப் பார்வையிடும் வாய்ப்புக் கிட்டியது. அங்குக் கண்டவற்றையும், அவை நம் போன்றோர்க்கு உணர்த்துவனவற்றையும் உறுப்பினர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

கூடமும் அதன் அமைப்பும்

பொற்கோவிலுக்குச் செல்லும் வீதியில், ஜாலியன்வாலா பாக்கிற்கு நடந்து செல்லும் தொலைவிலேயே, பிரிட்டிஷார் காலத்துச் செங்கற் கட்டடமான நகர மண்டபம் உள்ளது. அதனுள் அமைந்திருப்பதே பிரிவினை அருங்காட்சியகம். அறநிலை ஒன்றின் முயற்சியால் உருவான இது 2017 ஆகஸ்டு 17-ஆம் நாள் முழுமையாகத் திறக்கப்பட்டது. அந்நாளைத் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. இந்தியாவையும் பாகிஸ்தானையும் பிரித்த எல்லைக்கோடு வெளியிடப்பட்டது 1947 ஆகஸ்டு 17 அன்றுதான். சரியாக எழுபது ஆண்டுகளுக்குப் பின்னர், அக்கோட்டினால் வீடிழந்தோரின் குரல் ஒரு கூரையின் கீழ்ச் சேர்க்கப்பட்டது. 2023-ல் தில்லி மாநகரிலும் இதனையொத்த அருங்காட்சியகம் ஒன்று திறக்கப்பட்டது.

பொதுவாக அருங்காட்சியகம் என்றால் கண்ணாடிப் பேழைக்குள் பொருள். பேழைக்கு வெளியே நாம். இடையே 'தொடாதே' என்னும் அறிவிப்பு. இங்கு முறை வேறு. பிரிவினைக்கு முந்திய பஞ்சாபின் வாழ்க்கை, விடுதலைப் போராட்டம், வேற்றுமைகள் முற்றிய 1946-ஆம் ஆண்டு, எல்லை வகுத்தல், இடப்பெயர்ச்சி, அகதி முகாம், மறுவாழ்வு என அறைகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்கின்றன. ஒவ்வொரு கட்டத்திலும் திரைகள் உள்ளன. காதொலிக் கருவியைப் பொருத்திக்கொண்டு திரையின் முன் நின்றால், அந்நாளைக் கண்ட முதியவர் ஒருவர் நம்மை நோக்கிப் பேசுகின்றார். இந்தியும் பஞ்சாபியும் நன்கு அறியாத நமக்கும், பேச்சு நின்று முகம் மட்டும் திரையில் இருக்கும் அந்தச் சில கணங்கள் விளங்காமற் போவதில்லை.

ஓரிடத்தில் கிணறு ஒன்று அமைத்திருக்கின்றார்கள். 1947 மார்ச்சு மாதத்தில் ராவல்பிண்டி மாவட்டத்துத் தோவா கால்சா என்னும் ஊரில், கலகக்காரர் கைப்படாதிருக்கப் பெண்கள் பலர் கிணற்றில் வீழ்ந்து மாண்டனர். அத்தகைய பெண்களின் நினைவாக அமைந்தது அக்கிணறு. அதனருகில் எவரும் உரக்கப் பேசக் கண்டிலேன்.

கடைசி அறையில் ஒரு மரம் உண்டு. இலை வடிவில் வெட்டிய காகிதத்தில் பார்வையாளர் தம் எண்ணத்தை எழுதி அதில் தொங்கவிடலாம். வந்து பார்த்தவரும் இவ்வகையில் அவ்வரலாற்றில் ஒரு வரி எழுதிச் செல்கின்றார்.

ஐந்து வாரத்தில் வரைந்த கோடு

எல்லை வகுக்கும் பணி சிரில் ராட்கிளிஃப் என்னும் ஆங்கில வழக்கறிஞரிடம் ஒப்படைக்கப்பட்டது. அதற்கு முன்னர் அவர் இந்தியாவில் கால் வைத்தவரல்லர். 1947 ஜூலை 8-ஆம் நாள் வந்து சேர்ந்த அவருக்குப் பஞ்சாபையும் வங்காளத்தையும் பிரிக்கக் கிடைத்த காலம் ஏறக்குறைய ஐந்து வாரங்களே. விளைவாக ஒன்றரைக் கோடி மக்கள் வரை இடம்பெயர்ந்தனர் என மதிப்பிடுகின்றனர். மாண்டவர் தொகையை இரண்டு இலட்சம் என்போரும் உளர். இருபது இலட்சம் என்போரும் உளர். மாண்டோரை எண்ணிக் கணக்கிட ஆளில்லாத காலம் அது என்பதற்கு இவ்வேறுபாடே சான்று.

அக்கோடு மக்களை மட்டும் பிரிக்கவில்லை. சணல் மிகுதியாக விளையும் நிலம் கிழக்கு வங்காளத்திற்குப் போயிற்று. சணல் ஆலைகள் கல்கத்தாவைச் சுற்றி நின்றன. சிந்து, மேற்குப் பஞ்சாபுப் பகுதிகளின் நல்ல பருத்தி ஒருபுறம். அதனை நூற்கும் பம்பாய், அகமதாபாது ஆலைகள் மறுபுறம். பயிரிடுவோனுக்கும் நெய்வோனுக்கும் இடையே உள்ள உறவு எத்துணை நுண்ணியது என்பதை நாம் நாள்தோறும் அறிவோம். வரைபடத்தில் கோடு இழுக்கும்போது அவ்வுறவு கண்ணுக்குத் தெரிவதில்லை.

பணி முடிந்ததும் ராட்கிளிஃப் தம்மிடமிருந்த குறிப்புகளை அழித்துவிட்டு நாடு திரும்பினார். கோடு வரைந்தவரின் தாள்கள் இல்லை. கோட்டினால் துரத்தப்பட்ட எளிய மக்கள் மடியில் கட்டி எடுத்து வந்த தாள்களும் துணிகளும் இன்று அக்கூடத்தில் இருக்கின்றன.

ஒரு மேலங்கியும் ஒரு தோற்பெட்டியும்

அவற்றுள் நெசவாளர் கண்கள் நின்றுவிடக்கூடியது ஒரு புல்காரி மேலங்கி. புல்காரி என்பது பஞ்சாபுப் பெண்களின் பூத்தையல். கையால் நூற்று நெய்த கதர்த் துணியே அதற்கு அடித்தளம். முறுக்கேறாத பட்டிழையால், துணியின் பின்புறத்திலிருந்தே இழைகளை எண்ணி எண்ணித் தைப்பார்கள். முன்புறத்தில் மலர்வது பூ. பின்புறத்தில் இருப்பது கணக்கு. பாவிழை ஒன்று பிசகினாலும் கோலம் கெடும் என்பதை அறிந்த நம்மவர்க்கு அவ்வேலையின் அருமையை விளக்க வேண்டுவதில்லை.

அம்மேலங்கியை அணிந்து எல்லை கடந்தவள் மணம் பேசி முடிக்கப்பட்டிருந்த ஒரு பெண். அவளுக்குப் பேசப்பட்ட மணமகன் தன் சான்றிதழ்களையும் சொத்துப் பத்திரங்களையும் ஒரு தோற்பெட்டியில் இட்டுக்கொண்டு வேறொரு வழியே ஓடி வந்தான். உறவினரை இழந்து, ஒருவர் இருக்குமிடம் மற்றவர் அறியாதிருந்த அவ்விருவரும் அமிருதசரசு அகதி முகாமில் உணவுக்காக நின்ற வரிசையில் சந்தித்தனர். 1948-ல் மணம் புரிந்து வாழ்ந்தனர். அந்த மேலங்கியும் தோற்பெட்டியும் இன்று அக்கூடத்தின் காட்சிப் பொருள்கள்.

உயிருக்கு அஞ்சி ஓடும் வேளையில் ஒருவன் பத்திரங்களை ஏன் சுமக்க வேண்டும்? இவ்வினா என் மனத்தை விட்டு அகலவில்லை. விடை, அதன் பின்னர் நடந்த நிலப்பங்கீட்டு வரலாற்றில் இருக்கின்றது.

ஊரவை தீர்த்த நில வழக்கு

மேற்குப் பஞ்சாபில் இந்துக்களும் சீக்கியர்களும் விட்டு வந்த நிலம் ஏறக்குறைய 67 இலட்சம் ஏக்கர். கிழக்குப் பஞ்சாபில் முஸ்லிம்கள் விட்டுச் சென்றது சுமார் 47 இலட்சம் ஏக்கரே. அதுவும் மேற்கின் கால்வாய்ப் பாசன நிலத்தைப் போல் வளமுடையதன்று. முதலில் ஒவ்வோர் உழவர் குடும்பத்திற்கும், முன்பு எவ்வளவு வைத்திருந்தது என்று பாராமல், ஏறத்தாழ 10 ஏக்கர் அளித்து, விதைக்கும் கருவிக்கும் கடனும் கொடுத்தனர். பின்னர் நிலையான பங்கீட்டிற்கு விண்ணப்பங்கள் கோரப்பட்டன. ஐந்து இலட்சம் வந்து குவிந்தன.

இவற்றுள் மெய் எது, பொய் எது? பலருடைய பத்திரங்கள் எரிந்தோ தொலைந்தோ போயிருந்தன. அதிகாரிகள் கையாண்ட முறை நம் பொதுக்குழுவை நினைவூட்டுவது. ஒரே ஊரிலிருந்து வந்த அகதிகளை ஓரிடத்தில் கூட்டி, ஒவ்வொருவரின் கோரிக்கையையும் அவர்கள் முன்னிலையில் உரக்கப் படித்தனர். 'ஆம், இவருக்கு அந்நிலம் இருந்தது' என்றும், 'இல்லை, இது மிகை' என்றும் ஊராரே உரைத்தனர். மிகைப்படுத்தியவரின் பங்கு குறைக்கப்பட்டது. ஏட்டில் இல்லாததை ஊரின் நினைவு ஈடுசெய்தது.

இப்பணியை முன்னின்று நடத்தியவர் தர்லோக் சிங் என்னும் அதிகாரி. நிலத்தின் பரப்பை விடுத்து அதன் விளைச்சலை அளவுகோலாகக் கொண்டு, பத்துப் பதினொரு மணங்கு நெல் விளையக்கூடிய நிலத்தை ஒரு 'திட்ட ஏக்கர்' என்று அவர் வகுத்தார். குறைந்த நிலத்தைப் பலருக்குப் பங்கிட வேண்டியிருந்தமையால் படிப்படியான வெட்டும் விதித்தார். 10 ஏக்கருக்குட்பட்ட கோரிக்கையில் 25 சதவிகிதம் குறைந்தது. 10 முதல் 30 ஏக்கர் வரை 30 சதவிகிதம். இவ்வாறு ஏறிச் சென்று, 500 ஏக்கருக்கு மேற்பட்ட பகுதியில் 95 சதவிகிதம் வெட்டப்பட்டது. இல்லாமையின் சுமையை உடையவன் மிகுதியாகவும் எளியவன் குறைவாகவும் ஏற்பதென்னும் நீதி இது. 1949 நவம்பருக்குள் இரண்டரை இலட்சம் பங்கீடுகள் முடிந்தன.

தறியும் கூட்டுறவும்

நிலமில்லாதார் நிலை என்ன? குருக்ஷேத்திர முகாம் ஒரு இலட்சம் பேருக்கெனத் திட்டமிடப்பட்டது. 1947 டிசம்பருக்குள் அதைப் போல் மும்மடங்கு மக்கள் அங்கு நிறைந்தனர். முகாம் சோறு உயிரைக் காக்கும், தொழிலைத் தராது. இதனை உணர்ந்த கமலாதேவி சட்டோபாத்தியாயர் 1948-ல் இந்தியக் கூட்டுறவு யூனியனை நிறுவினார். தில்லிக்கு அருகில் சத்தர்ப்பூரில் அகதி உழவர்கள் கூட்டுறவு முறையில் பயிரிட முற்பட்டனர். வடமேற்கு எல்லைப்புறத்திலிருந்து வந்தோர்க்காகப் பரீதாபாதில் எழுந்த புதிய நகரில், வீடு கட்டும் வேலையை அவ்வகதிகளே ஏற்றுச் செய்தனர். தம் வீட்டுச் சுவரைத் தாமே எழுப்பிக் கூலியும் பெற்றனர்.

பானிப்பட்டின் கதை நெசவாளர்க்கு இன்னும் நெருக்கமானது. அங்குக் கம்பளி நெய்து வந்த முஸ்லிம் நெசவாளர் எல்லைக்கு அப்பால் சென்றனர். ஜங், முல்தான் முதலிய பகுதிகளிலிருந்து வந்த நெசவாளர் அங்குக் குடியேறித் தறியிட்டனர். கையில் முதலின்றி வந்த அவர்களிடம், 'கேசு' எனப்படும் தடித்த பருத்திப் போர்வையை நெய்யும் கைத்திறன் மாத்திரம் இருந்தது. பிற்காலத்தில் பானிப்பட்டு, போர்வைக்கும் திரைச்சீலைக்கும் விரிப்புக்கும் பெயர் பெற்ற நகரமாயிற்று. போனவர் தறியோசை நின்ற ஊரில் வந்தவர் தறியோசை எழுந்தது என்று மகிழும்போது, போனவரும் நெசவாளரே, அவரும் எங்கோ ஒரு முகாமில் வரிசையில் நின்றிருப்பார் என்பதையும் நாம் மறத்தல் தகாது. எல்லையின் இரு பக்கத்துத் துயரையும் அறிதல் ஒரு நேர்மையான பார்வையாளரின் கடமையாகும்.

நம் சங்கங்களின் நிலை

இவற்றையெல்லாம் நம் சங்கங்களுக்கு எழுதுவதன் நோக்கம் யாது? நம் மாநிலத்தில் முதற்கூட்டுறவுச் சங்கம் 1904-ல் திருவள்ளூரை அடுத்த திரூரில் பதிவாயிற்று. நூற்றாண்டு கடந்த இயக்கம் இது. கடன்காரனிடமிருந்து மீண்ட உழவன், முதலாளித் தரகனிடமிருந்து மீண்ட நெசவாளி ஆகியோரின் வரலாறு நம் தீர்மானப் புத்தகங்களிலும் உறுப்பினர் பதிவேடுகளிலும் எழுதப்பட்டிருக்கின்றது. அவை இன்று எந்நிலையில் உள்ளன?

தணிக்கைக்குச் சென்ற ஊர்களில் யான் கண்டது மனநிறைவு தருவதாயில்லை. பெயர் கூற விரும்பாத ஒரு சங்கத்தில், மறைந்த உறுப்பினர் ஒருவரின் பங்குத் தொகையைக் கேட்டு அவர் மகள் வந்தார். பழைய பங்குப் பேரேடு கறையானுக்கு இரையாகியிருந்தது. அதற்கு முந்தியதோ அலுவலகம் வெள்ளையடித்த ஆண்டில் எடைக்குப் போட்ட காகிதத்தோடு போய்விட்டது. தொகை சிறிதுதான். ஆயினும், 'என் தந்தை இச்சங்கத்தின் உறுப்பினரே அல்லரா?' என்று அவ்வம்மையார் கேட்ட வினாவுக்கு அலுவலகத்தில் விடை இல்லை. தந்தையோடு தறி நெய்த முதியவர் இருவர் வந்து சான்று கூறிய பின்னரே வழி பிறந்தது. அவர்களும் இல்லாதிருந்தால் என்ன செய்திருப்போம்?

ஆதலின் சில யோசனைகளை நிர்வாகக் குழுக்களின் முன் வைக்கின்றேன். முதலாவது, காலம் கடந்தபின் கழித்துவிட விதிகள் இடந்தரும் சிட்டைகள் வேறு. தீர்மானப் புத்தகம், உறுப்பினர் பதிவேடு, பங்குப் பேரேடு ஆகியவை வேறு. பின்னவற்றை இரும்புப் பெட்டியில் பேணுவதோடு, படமெடுத்து நகலை வேறிடத்திலும் வைத்தல் வேண்டும். கைப்பேசி உள்ள எந்த இளைஞரும் ஒரு கிழமையில் முடிக்கக்கூடிய வேலை இது.

இரண்டாவது, முதியோரின் சொல். 1947-ல் பத்து வயதுப் பிள்ளைகளாக இருந்தோர் இன்று தொண்ணூறை நெருங்குகின்றனர். நூற்பஞ்ச காலத்தையும், சங்கம் தொடங்கிய நாளையும், முதற்கடன் வாங்கிய கையையும் நினைவில் வைத்திருப்போர் ஒவ்வோர் ஊரிலும் ஒருவரோ இருவரோதாம் எஞ்சியுள்ளனர். நவம்பர் 14 முதல் 20 வரை கொண்டாடும் கூட்டுறவு வாரத்தில், விருந்தினர் சொற்பொழிவுக்கு ஒதுக்கும் நேரத்தில் பாதியை அவர்களுக்கு அளித்து, அவர்கள் பேசுவதைப் பதிவு செய்து வைக்கலாம்.

மூன்றாவது, சங்கக் கட்டடத்தில் ஒரு மூலை. பழைய ஓடமும், அச்சும், விழுதும், இராட்டையும், மரக்காலும், முதல் உறுப்பினர்களின் கையெழுத்துள்ள ஏட்டின் நகலும் அங்கிருக்கட்டும். பேழையில் பூட்ட வேண்டா. பிள்ளைகள் ஓடத்தைக் கையிலெடுத்து எறிந்து பார்க்கட்டும். அமிருதசரசின் மரத்தைப் போல், வருவோர் தம் வீட்டுச் செய்தியை எழுதிச் செல்ல ஒரு குறிப்பேடும் அதனருகில் இருக்கட்டும். இதற்கு ஆகும் செலவு சிறிது. பொதுக்குழுவின் ஒப்புதலோடு பொதுநல நிதியிலிருந்தே செய்துகொள்ளலாம்.

பஞ்சாபின் உழவன் தன் நிலத்தைத் திரும்பப் பெற்றது ஏட்டினாலும், ஏடு இல்லாத இடத்தில் அயலாரின் நினைவினாலும் ஆகும். இவ்விரண்டையும் காத்து வைக்கும் இடம் நம் ஊர்களில் சங்கமன்றி வேறில்லை. அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தின் பொருள் நிரலில் இதனையும் ஒரு பொருளாகச் சேர்க்குமாறு தலைவர்களையும் செயலாளர்களையும் கேட்டுக்கொள்கின்றேன்.