மேசைக்கு ஒரு பிரிண்டர்... அரசு அலுவலகங்களில் அச்சுச் செலவு எகிறுவது ஏன்?

ஏதாவது ஒரு அரசு அலுவலகத்துக்குள் போய்ப் பாருங்கள். கண்காணிப்பாளர் மேசையில் ஒரு பிரிண்டர், உதவியாளர் மேசையில் வேறு கம்பெனி பிரிண்டர், மூலையில் ஜெராக்ஸ் மெஷின், பக்கத்தில் தூசி படிந்த ஸ்கேனர். எல்லாத்துக்கும் தனித்தனி டோனர், தனித்தனி சர்வீஸ். இந்த வேலைகளை ஒரே மெஷினில் அடக்குவதுதான் மல்டிஃபங்ஷன் பிரிண்டர்.

பெரிய மெஷின் விலை அதிகமாச்சே?

ஆமாம். ஆனா மெஷினுக்குக் கொடுப்பது ஒரு தடவை; மைக்குக் கொடுப்பது மாசாமாசம். மேசைப் பிரிண்டரின் சின்ன கார்ட்ரிட்ஜ் பலவும் சுமார் 1,500 பக்கம்தான் வரும். பெரிய மெஷின்களின் டோனர் 20,000 பக்கம் வரைகூட போகும்.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு: 1,500 பக்க கார்ட்ரிட்ஜ் 3,000 ரூபாய் என்றால் பக்கத்துக்கு 2 ரூபாய். 20,000 பக்க டோனர் 8,000 ரூபாய் என்றால் 40 காசு. மாதம் 10,000 பக்கம் அடிக்கும் அலுவலகத்தில் மையில் மட்டும் 16,000 ரூபாய் வித்தியாசம். ‘நாங்க ரீஃபில் பண்ணிப்போம்’ என்றால் இந்த வித்தியாசம் நிறையவே குறையும், அதையும் சொல்லிடணும்.

மெஷின் வாங்கினா போதுமா?

போதாது. செட்டிங்கை மாற்றணும். இரு பக்கமும் அச்சிடுவதை டீஃபால்ட் ஆக்கினால், 500 தாள் போகிற இடத்தில் 250 தாள். உச்ச நீதிமன்றமே 2020 ஏப்ரல் 1 முதல் மனுக்களை ஏ4 தாளில் இரு பக்கமும் அச்சிட்டுத் தாக்கல் செய்யச் சொன்னது. அடுத்தது பின் நம்பர் வசதி: மெஷின் முன்னால் நின்று நம்பரை அழுத்தினால்தான் தாள் வெளியே வரும். பிரிண்ட் கொடுத்துவிட்டு எடுக்க மறந்த தாள்கள் குவியாது.

சிக்கல் எங்கே?

இருக்கிற ஒரே மெஷின் மக்கர் பண்ணினால், சான்றிதழுக்காக லீவு போட்டு வந்தவர் நாளைக்கும் வரணும். அதனால் மக்கள் வந்து நிற்கும் கவுன்ட்டரில் ஒரு சின்ன பிரிண்டரை விட்டுவைப்பதுதான் நியாயம். எத்தனை மணி நேரத்தில் ரிப்பேர் என்பதும் ஒப்பந்தத்தில் இருக்கணும்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. இந்த மெஷின்கள் பலவற்றுக்குள் ஹார்ட் டிஸ்க் இருக்கிறது. நகலெடுத்த ஆவணங்கள் அதில் தங்கலாம். நியூயார்க்கைச் சேர்ந்த அஃபினிட்டி ஹெல்த் பிளான் என்ற மருத்துவக் காப்பீட்டு நிறுவனம், வாடகைக்கு எடுத்த ஜெராக்ஸ் மெஷின்களை டிஸ்க்கை அழிக்காமலே திருப்பிக் கொடுத்தது. 3 லட்சத்துக்கும் அதிகமானோரின் விவரங்கள் வெளியே போயிருக்கலாம் என்று சொல்லப்பட்ட அந்த விவகாரம், 2013-ல் 12 லட்சம் டாலருக்கு மேல் கட்டித்தான் முடிந்தது.

நம்ம ஊர் அலுவலகத்தில் நாம் கொடுக்கும் ஆதார் நகலும் இதே மாதிரி ஒரு மெஷினில்தான் ஓடுகிறது. வாடகை முடிந்து மெஷின் வெளியே போகும்முன் டிஸ்க்கை அழிக்க வேண்டும் என்ற ஒரு வரியை டெண்டரிலேயே சேர்க்கலாம். அதுக்குத் தனியா செலவு பெரிசா கிடையாது.