கோபால்ட் ஆக்ஸைடும் ஆடுமாடுகளின் மெலிவு நோயும்

கால்நடைகளுக்கு உப்பு, சுண்ணாம்பு, பாஸ்வரம் முதலிய தாதுப்பொருள்கள் இன்றியமையாதவை என்பதைக் குடியானவர்கள் நன்கறிவர். ஆனால் கண்ணாடிக்கும் பீங்கானுக்கும் நீல நிறம் ஏற்றும் பொருட்டு உபயோகிக்கப்படும் கரும்பொடியொன்று, ஆட்டு மந்தைகளை அழிவினின்றும் காக்க வல்லது என்பது பலர் அறியாத செய்தியாகும். அப்பொடியே கோபால்ட் ஆக்ஸைடு.

இரசாயன இயல்பு

கோபால்ட் என்பது இரும்பை ஒத்த ஓர் உலோகம். அது பிராணவாயுவுடன் கூடி உண்டாகும் ஆக்ஸைடுகளில் இரண்டு முக்கியமானவை. ஒன்றில் கோபால்ட் அணு ஒன்றுக்குப் பிராணவாயு அணு ஒன்று உண்டு. இதன் எடையில் 100-க்குச் சுமார் 79 பங்கு கோபால்ட் ஆகும். மற்றொன்றில் மூன்று கோபால்ட் அணுக்களுக்கு நான்கு பிராணவாயு அணுக்கள் உண்டு. இதில் கோபால்ட் சுமார் 73 பங்கு. முன்னதைக் காற்றில் காய்ச்சினால் பின்னதாக மாறும்; பின்னதை 900 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் காய்ச்சினால், பிராணவாயுவை வெளிவிட்டு மீண்டும் முன்னதாகும். இரண்டும் தண்ணீரில் கரைவதில்லை. தண்ணீரைப்போல் சுமார் ஆறு மடங்கு கனமுள்ளவை. கரையாமையும் கனமுமாகிய இவ்விரு குணங்களே பின்னர்க் கூறப்போகும் பயனுக்கு ஆதாரம்.

நோயின் காரணம்

ஆஸ்திரேலியாவின் தென்கடற்கரையிலுள்ள சில மணற்பாங்கான நிலங்களிலும், நியூஜீலந்தின் சில பகுதிகளிலும், நல்ல புல் இருந்தும் ஆடுமாடுகள் இரை எடாமல் மெலிந்து, சோகை பிடித்து மாண்டன. குடியேறிப் பண்ணை அமைத்தோர் பலர் நிலத்தையே கைவிட நேர்ந்தது. ஒருவகை இரும்புத்தாதுவை ஊட்டியபோது சில பிராணிகள் தேறியமையால், இரும்புக் குறைவே காரணம் எனக் கருதப்பட்டது. மேற்கு ஆஸ்திரேலியாவில் அண்டர்வுட், பில்மர் என்னும் இருவர் அத்தாதுவின் சாற்றிலிருந்து இரும்பை நீக்கிவிட்டுக் கொடுத்தபோதும் நோய் தீர்ந்தது. எஞ்சியிருந்த பொருள்களைச் சோதித்து, குணப்படுத்தியது கோபால்ட்டே என்று 1935-ல் வெளியிட்டனர். அதே காலத்தில் தென் ஆஸ்திரேலியாவிலும், நாளொன்றுக்கு 1 மில்லிகிராம் கோபால்ட் கொடுத்து ஆடுகள் குணப்படுத்தப்பட்டன.

இவ்வளவு சிறிய அளவு எங்ஙனம் பயன் தருகிறது? அசைபோடும் பிராணிகளின் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள், தீனியிலுள்ள கோபால்ட்டைக்கொண்டு பி-12 என்னும் வைட்டமினை உண்டாக்குகின்றன. 1948-ல் தனித்துப் பிரிக்கப்பட்ட அந்த வைட்டமினில் 100-க்குச் சுமார் 4 பங்கு கோபால்ட் அடங்கியுள்ளது. அது குறைந்தால், இரைப்பையில் உண்டாகும் புரொப்பியானிக் அமிலத்தை உடல் பயன்படுத்த இயலாது, பசி குன்றும். ஆதலின் கோபால்ட்டை ஊசி மூலம் இரத்தத்தில் செலுத்துவதால் பெரும்பயன் இல்லை. அஃது இரைப்பையை அடைதல் வேண்டும்.

ஆக்ஸைடு உருண்டை

கரையக்கூடிய கோபால்ட் உப்புகள் இரைப்பையினின்று விரைவில் வெளியேறிவிடுகின்றன. ஆகவே அடிக்கடி புகட்ட வேண்டும். பரந்த நிலத்தில் ஆயிரக்கணக்கான ஆடுகளை மேய்ப்போருக்கு இது இயலாத காரியம். 1958-ல் டூயி, லீ, மார்ஸ்டன் ஆகியோர் கோபால்ட் ஆக்ஸைடைக் கனமான சிறு உருண்டையாக்கி விழுங்கச் செய்யும் முறையைக் கண்டனர். உருண்டை தன் கனத்தால் இரைப்பையிலேயே தங்கி, சிறிது சிறிதாகக் கரைந்துகொண்டிருக்கும். ஆட்டின் தேவை, காய்ந்த தீனியில் கிலோவுக்குச் சுமார் 0.1 மில்லிகிராமே. நாளொன்றுக்கு ஒரு கிலோ தின்னும் ஆட்டிற்கு, கணக்கின்படி 1 கிராம் கோபால்ட் 10,000 நாளைக்குப் போதும். சில வேளைகளில் உருண்டையின்மேல் சுண்ணாம்புப் பாஸ்பேட் படிந்து கரைவதைத் தடுக்கும். இதற்கு உடன் ஒரு சிறு எஃகுத் திருகாணியையும் விழுங்கச் செய்தால், இரண்டும் உராய்ந்து படிவு நீங்கும். அசைபோடத் தொடங்காத குட்டிகளுக்கு உருண்டை கொடுத்தலாகாது.

எச்சரிக்கை

மெலிவும் சோகையும் குடற்புழுக்களாலும் உண்டாகும். ஆகையால் கால்நடை வைத்தியரைக்கொண்டு சோதித்து, கோபால்ட் குறைவு உறுதிப்பட்ட பின்னரே இதனைக் கையாள வேண்டும். அளவு மிஞ்சினால் கோபால்ட் நஞ்சாகும். அதன் தூளைச் சுவாசித்தல் நுரையீரலுக்குக் கேடு. பீங்கான் வேலைக்கென விற்கும் பொடியில் வேறு நச்சுப்பொருள்கள் கலந்திருக்கக்கூடுமாதலால், அதனைத் தீனியில் கலத்தல் ஒருபோதும் கூடாது. நோயின் காரணம் இன்னதென்று முதலில் தெளிந்து, பின்னர் மருந்தை அளவறிந்து கொடுப்பதே மந்தையைக் காக்கும் வழியாகும்.