பால் மணக்கும் பாதையில்

மிதிவண்டியை ஏழையின் வாகனம் என்பர். எனக்கோ அது அவசரத்தின் வாகனம். நாள்தோறும் விடியுமுன் எங்கள் இரண்டு எருமைகளின் பாலைக் கேனில் ஊற்றிப் பின்னால் கட்டிக்கொண்டு பால் சொசைட்டிக்கு விரைபவன் நான். கறந்த பாலைக் குளிரூட்டாமல் வைத்திருந்தால் நுண்ணுயிர்கள் பெருகிப் புளித்துவிடும். வழியில் நிற்க நேரம் ஏது? சென்ற மார்கழியில் விடுதி நண்பர்கள் பதினொருவர், "உங்கள் பக்கம் மிதிவண்டியில் சுற்றிவர வேண்டும், நீதான் வழிகாட்டி" என்றனர். அப்போதுதான் அந்தச் சாலையை நான் ஒருநாளும் நின்று பார்த்ததில்லை என்பது உறைத்தது. அப்பயணத்தில் கற்றவற்றை மாணவ நண்பர்களுக்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

காங்கேயத்திலிருந்து ஊத்துக்குளி சென்று மாலையில் திரும்புவது எங்கள் திட்டம். இதற்கு ஆடி மாதம் ஆகாது. பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் மேல்காற்றை எதிர்த்து மிதிப்பது பெரும்பாடு. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் சென்றால் கொறங்காடுகளும் பசுமையாய் இருக்கும். கொறங்காடு என்பது முள்கிளுவை வேலி சூழ்ந்த மானாவாரி மேய்ச்சல் நிலம். தரையில் கொழுக்கட்டைப்புல், இடையிடையே வெள்வேல மரங்கள். அம்மரத்தின் காய்களும் கால்நடைக்குத் தீவனமாகும். புகழ்பெற்ற காங்கேயம் மாடுகள் வளர்வது இந்நிலத்தில்தான். எனினும் அவை உழைப்புக்குப் பெயர் பெற்றவை, பால் குறைவு. சொசைட்டிக்குப் பால் தருவன எருமைகளும் கலப்பினப் பசுக்களுமே.

கூட்டமாகச் செல்ல மூன்று விதிகள் வகுத்தோம். முதலாவது, மெதுவாக மிதிப்பவரே முன்னால் செல்ல வேண்டும். அவர் வேகமே அனைவரின் வேகம். மணிக்கு 12 கிலோமீட்டருக்கு மேல் நாங்கள் போகவில்லை. இரண்டாவது, காற்றடிக்கும் பம்பும் பஞ்சர் ஒட்டும் சாமான்களும் கடைசியில் வருபவரிடம் இருக்க வேண்டும். முன்னே போய்விட்டவரிடம் இருந்து என்ன பயன்? மூன்றாவது, மாடுகள் எதிர்ப்பட்டால் மணியடிக்காமல் இறங்கி ஓரமாய் நிற்க வேண்டும். மிரண்ட மாடு எப்பக்கம் பாயும் என்று யாரும் சொல்ல முடியாது.

ஊத்துக்குளி வெண்ணெய்க்குப் பெயர்போன ஊர். "எருமை வெண்ணெய் மட்டும் ஏன் இவ்வளவு வெண்மை?" என்று ஒருவர் கேட்க, விலங்கியல் மாணவர் விளக்கினார். தீவனத்திலுள்ள கரோட்டினை எருமை வைட்டமின் 'ஏ'வாக மாற்றிவிடுகிறது. பசுவிடம் அந்த மஞ்சள் நிறமி ஓரளவு மிஞ்சிப் பாலில் கலக்கிறது. எருமைப்பாலில் கொழுப்பு நூற்றுக்கு ஏறத்தாழ 7 பங்கு. பசும்பாலில் சுமார் 4. சொசைட்டியில் கொழுப்பையும் கொழுப்பற்ற திடச்சத்தையும் அளந்தே விலை போடுவார்கள் என்று என் பங்குக்கு நானும் சொன்னேன். கிராமச் சங்கம், மாவட்ட ஒன்றியம், மாநில இணையம் என்ற மூன்றடுக்கு அமைப்பு, 1970இல் தொடங்கிய வெண்மைப் புரட்சித் திட்டத்தால் நாடெங்கும் பரவியது. இரண்டு எருமை வைத்திருப்பவர் பாலும் நகரத்தைச் சேர்வது அதனால்தான்.

திரும்பும் வழியில் ஒரு பாட்டி எங்களைக் கட்டுத்தறி அருகே நிறுத்தி, ஆளுக்கொரு சொம்பு மோர் தந்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். "படிச்சு முடிச்சுப்போட்டு உங்கள்ல ஆராச்சும் மாடு வெச்சுக்குவீங்களா கண்ணுகளா?" என்று மட்டும் கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை, நானும்தான். பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் வாங்கிக் கட்டுப்படியாகவில்லை என்று, எங்கள் எருமைகளில் ஒன்றை விற்க அப்பா விலை பேசிக்கொண்டிருந்த நாட்கள் அவை.

தை பிறந்ததும் அது விற்றுப்போயிற்று. மற்றொன்று இருக்கிறது. இன்றும் விடியுமுன் கேனுடன் விரைகிறேன். ஆனால் பாலை ஊற்றிவிட்டுத் திரும்பும்போது மெதுவாகத்தான் மிதிக்கிறேன்.

வரும் மார்கழியில் மீண்டும் அவ்வழியே செல்ல இருக்கிறோம். விருப்பமுள்ள நண்பர்களும், இசைந்தால் பேராசிரியப் பெருமக்களும் உடன் வருக. பாட்டி இம்முறையும் கேட்பார். விடையிருப்பவர் அதையும் கொண்டு வருக.